ரெண்டு சால்வை

பொய்ப்பல் வரிசையைக் கழுவி எடுத்துவந்தபோது அம்மாவின் தாடை இன்னும் இறுகவில்லை. மகள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கட்டைவிரலால் மேலுதட்டைத் தூக்கி, வரிசையைச் சாய்வாக நுழைத்து, அண்ணத்தோடு சேர்த்து அழுத்தினாள். பிடித்துக்கொண்டது. உள்வாங்கியிருந்த கன்னம் எழுந்தது. அம்மாவின் முகம் திரும்பி வந்தது.

"இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா வாயைத் திறக்கவே முடிஞ்சிருக்காதுக்கா," என்றாள் நர்ஸ்.

மகள் தலையசைத்தாள். பல் செய்வது அவள் தொழில். இந்த வரிசையும் அவள் செய்ததுதான். ஆறு வருடத்துக்கு முன் முதல் தடவை செய்துகொண்டுவந்தபோது அம்மா கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ரொம்ப வெள்ளை. வாயைத் திறந்தாலே பொய் சொல்ற மாதிரி இருக்கு," என்றாள். மகள் திரும்பிப் போய் ஒரு படி மங்கலாகச் செய்துவந்தாள். அந்த ஒரு படி மங்கல் இப்போதும் சரியாக இருந்தது.

அம்மா காலை ஆறரைக்கு இறந்தாள், தூக்கத்தில். நான்கு மாதமாக எதிர்பார்த்ததுதான். மகள் ஒரு வாரமாக இங்கேயே தங்கியிருந்தாள். முந்தின நாள் சாயங்காலம்கூட மாடிவீட்டு நாய் குரைப்பதைக் கேட்டுவிட்டு, "அதுக்கு இன்னைக்குத் தொண்டை சரியில்லை," என்று அம்மா சிரித்தாள். டாக்டர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். வண்டி இரண்டு மணிக்கு வரும்.

அடுத்த அறையிலிருந்து சரக் சரக்கென்று சத்தம் வந்தது.

"ஐயா எட்டு பென்சில் சீவிட்டாரு," என்றாள் நர்ஸ். "எண்ணிக்கிட்டிருக்கேன்."

"சீவட்டும்."

அப்பா பள்ளிக்கூடப் புத்தகங்களுக்குப் படம் போடுபவர். தவளையின் வயிறு, நீராவி எஞ்சின், மழை உண்டாகும் விதம், எல்லாம் போட்டிருக்கிறார். அளவுகோல் இல்லாமல் நேர்க்கோடு இழுப்பார். அச்சகத்தில் அவருக்குக் 'கோட்டுச் சார்' என்று பெயர். அம்மா அதே அச்சகத்தில் பிழை திருத்தினாள். கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டு வீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பா கோடு போடுவார், அம்மா நிறம் தீட்டுவாள். உதவி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அம்மாவும் அப்படித்தான் சொன்னாள்.

இந்த வருடம் வந்த வேலை, ஓவியம் பழகும் பிள்ளைகளுக்கு ஒரு முதல் புத்தகம். ஒரு படம் எவற்றால் ஆனது என்று சொல்லும் புத்தகம். கோடு, வடிவம், உருவம், வெளி, இழையமைப்பு, ஒளி-நிழல், நிறம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். இழையமைப்பு என்ற சொல்லைப் பார்த்ததும் அம்மா, "சொரசொரப்புன்னு போட்டா பிள்ளைகளுக்குப் புரிஞ்சிடும்னு பயமா?" என்றாள்.

ஆறு பக்கங்கள் முடிந்து உறைக்குள் இருந்தன. ஏழாவது மேசைமேல் கிடந்தது. பன்னிரண்டு கட்டங்களாகப் பிரித்த ஒரு வட்டம். மஞ்சளில் தொடங்கி, ஆரஞ்சு, சிவப்பு, ஊதா வழியாகச் சுற்றி, நீலம்வரை ஒன்பது கட்டங்கள் நிரம்பியிருந்தன. மூன்று காலி.

அம்மா படுக்கையில் சாய்ந்தபடி, மடியில் பலகை வைத்து, வாரத்துக்கு ஒரு கட்டம் என்று தீட்டினாள். மூன்று நாளைக்கு முன் பிரஷ் அவள் கையிலிருந்து நழுவியது. எடுத்துக் கொடுத்தார்கள். மறுபடியும் நழுவியது.

"மிச்சத்தை நீங்க முடிச்சிடுங்க," என்றாள்.

"சரி," என்றார் அப்பா.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. இருமல் வரும்வரை சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். எதற்கென்று மகளுக்குப் புரியவில்லை.

அச்சகக்காரர் பத்து மணிக்கு வந்தார். பழைய முதலாளியின் மகன். அம்மாவின் பக்கத்தில் சற்று நேரம் நின்றார். பிறகு அடுத்த அறைக்குப் போய் அப்பாவின் எதிரில் உட்கார்ந்தார். மேசையைப் பார்த்தார். வேறு பக்கம் பார்த்தார். மறுபடியும் மேசையைப் பார்த்தார்.

"இந்த நேரத்துல இதைப் பேசக் கூடாது," என்றார்.

"பேசு தம்பி."

"நாளைக்கு மெஷின்ல ஏத்தணும். பள்ளிக்கூடம் திறக்க மூணு வாரம்தான் இருக்கு. நீங்க கவலைப்படாதீங்க சார். அந்த மூணு கட்டத்தைப் பசங்க கம்ப்யூட்டர்ல ரொப்பிடுவாங்க. பத்து நிமிஷ வேலை."

"வேண்டாம்."

"சார்..."

"நாளைக்குக் காலைல வா. முடிச்சு வைக்கிறேன்."

"உங்க கலர் கை எனக்குத் தெரியாதா? கோட்டுச் சார் தொட்டா நிறம் வாயைத் திறந்து பேசும்னு எங்கப்பா சொல்லுவாரு. ஆனா இன்னைக்கு எப்படி..."

"காலைல வா."

அப்பாவின் கையில் ஒரு பென்சில் உருண்டுகொண்டிருந்தது. அதன் அடிப்பக்கத்தில் கத்தியால் கீறிய வெட்டுகள் இருந்தன. வீட்டில் எல்லா வண்ணப் பென்சில்களிலும் இருக்கும். ஒன்றில் ஒரு வெட்டு, ஒன்றில் இரண்டு, ஒன்றில் ஐந்து. மகளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். அப்பாவின் கட்டைவிரல் வெட்டுகளின்மேல் போய்ப் போய் வந்தது.

அச்சகக்காரர் வெளியே போனதும் மகள் கேட்டாள்.

"மூணு கட்டம்தானேப்பா. கம்ப்யூட்டர்ல போட்டா என்ன?"

"உங்கம்மா ஒன்பது போட்டிருக்கா. அதோட இது சேராது."

"நீங்க போட்டா சேருமா?"

அப்பா ஒன்பதாவது பென்சிலை எடுத்தார். அதன் முனை ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு நர்ஸ் அம்மாவுக்குத் தலை வாரிவிட்டாள். நகம் வெட்டினாள். மகள் குளித்துவிட்டு வந்தபோது அம்மாவின்மேல் கழுத்துவரை சாம்பல் நிறச் சால்வை ஒன்று கிடந்தது. அதன்மேல் கட்டம் போட்ட இன்னொரு கம்பளிச் சால்வை. அம்மா ஊருக்குப் போகக் கட்டிவைத்த மூட்டைபோல இருந்தாள்.

"என்ன இது?"

"சொல்ல மறந்துட்டேன்கா. அம்மாதான் சொல்லியிருந்தாங்க. செவ்வாக்கிழமை. 'நான் போறப்ப அந்த ரெண்டு சால்வையைப் போத்திவிடு'ன்னாங்க. குளிரும்னு நெனச்சிருப்பாங்க, பாவம்."

மகள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு இரண்டு சால்வைகளையும் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். நிற்கவில்லை.

"என்னக்கா ஆச்சு?"

"ரெண்டு சால்வை இல்லைம்மா. ரெண்டு சால்வை."

"அதைத்தானே போத்தியிருக்கேன்?"

"எங்க வீட்ல ரெண்டுன்னா பச்சை."

நர்ஸ் ஒரு எட்டுப் பின்னால் போய் அவளைப் பார்த்தாள்.

ஒண்ணு சிவப்பு. ரெண்டு பச்சை. மூணு மஞ்சள், நாலு நீலம், அஞ்சு பழுப்பு. அதற்குமேலும் உண்டு. இந்த வீட்டில் நிறங்களுக்குப் பெயர் கிடையாது. "அந்த நாலு சட்டையைப் போட்டுக்கிட்டுப் போங்க," என்பாள் அம்மா. "ஒண்ணு மூடி டப்பாவை எடுங்க," என்பாள். மகள் பேசக் கற்றதே இப்படித்தான். பள்ளிக்கூடத்தில் முதல் வாரம், புல் என்ன நிறம் என்று டீச்சர் கேட்டார். இவள் எழுந்து, "ரெண்டு," என்றாள். "மொத்தப் புல்லே ரெண்டுதானா?" என்றார் டீச்சர். வகுப்பு முழுக்கச் சிரித்தது. வீட்டுக்கு வந்து அழுதாள். அது அச்சகத்துப் பாஷை பாப்பா என்றார் அப்பா. மைகளுக்கு எண் உண்டு, அதுதான் நம் வீட்டிலும் வந்துவிட்டது என்றார். நம்பினாள். பெரியவளாகிப் பல் வேலைக்குப் போனபோது அங்கே வெள்ளைகளுக்கும் எண் இருந்தது. உலகமே இப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

நர்ஸின் முகம் மாறியது. "அக்கா, நாலு மாசமா ரெண்டு மாத்திரை கொடு, ரெண்டு மாத்திரை கொடுன்னாங்களே..."

"அது ரெண்டு மாத்திரைதான்."

"சத்தியமா?"

"அம்மாவுக்குப் பச்சை மாத்திரையே கிடையாது."

நர்ஸ் மூச்சு விட்டாள். சால்வைகளை ஒவ்வொன்றாக உரித்து மடித்தாள்.

மகள் அடுத்த அறைப் பக்கம் திரும்பி, "அப்பா, அம்மாவோட ரெண்டு சால்வை எங்கே இருக்கு?" என்றாள்.

"இரு. நான் எடுத்துட்டு வரேன்."

"மேல்தட்டுல ஐயா," என்று நர்ஸ் குரல் கொடுத்தாள். "போன வாரம்தான் துவைச்சேன். மூலைல நூல் நூலாத் தொங்குச்சு, கத்தரிச்சுட்டேன்."

அப்பா சின்ன அறைக்குள் போகும் சத்தம் கேட்டது. அலமாரிக் கதவு திறந்தது. பிறகு சத்தம் இல்லை. மகள் அம்மாவின் கையை நேராக வைத்தாள். விரலிடுக்கில் நீலம் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. ஈரத்துணியை எடுத்தாள். துடைக்காமல் திரும்ப வைத்தாள். அப்பா வரவில்லை. எழுந்து போனாள்.

அவர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் இரண்டு சால்வைகள். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை. ஒன்று பச்சை, ஒன்று பழுப்பு. அப்பா ஒன்றின் மூலையைப் பிடித்துக் கட்டைவிரலால் தடவினார். அடுத்த மூலை. அடுத்தது. நான்கும் முடிந்ததும் மற்றதை எடுத்தார். அதிலும் நான்கு மூலைகள்.

அவளைப் பார்த்ததும் ஒன்றை நீட்டினார்.

"இந்தா."

மகள் வாங்கவில்லை.

"அது அஞ்சுப்பா."

அப்பா கையிலிருந்ததைப் பார்த்தார். மடியிலிருந்ததைப் பார்த்தார். எழுந்து இரண்டையும் ஜன்னலருகே கொண்டுபோனார். நல்ல வெயில். பச்சை பச்சையாகவும் பழுப்பு பழுப்பாகவும் இருந்தன.

"அப்படியா," என்றார்.

பென்சில் வெட்டுகள். எல்லாச் சட்டைகளிலும் காலருக்கு உள்ளே சின்னச் சின்னத் தையல்கள். சால்வை மூலையில் நர்ஸ் கத்தரித்த நூல்கள். கடையில் பழத்தைப் பார்க்காமல் அழுத்தி அழுத்தி முகர்ந்து வாங்குவது. மகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அலமாரியின் நடுத்தட்டில் அவள் அப்பாவின் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த சட்டை குண்டூசிகூட எடுக்காமல் இருந்தது. இரண்டு மாதம் ஆகிறது. பிடிக்கவில்லை போலும் என்று நினைத்திருந்தாள். கொஞ்சம் வருத்தம்கூட உண்டு.

"உங்களுக்கு..." என்று தொடங்கினாள்.

"ஆமா."

"பொறந்ததுல இருந்தா?"

"ஆமா."

"யாருக்குத் தெரியும்?"

அப்பா அம்மா இருந்த அறைப் பக்கம் தலையைச் சாய்த்தார். "அங்க படுத்திருக்கா."

கதவுக்குப் பின்னால் செருப்புச் சத்தம். நர்ஸ் எட்டிப் பார்த்தாள். ஜன்னலருகே நின்ற அப்பாவின் கையில் பழுப்புச் சால்வை இன்னும் மகள் பக்கம் நீண்டபடியே இருந்தது.

"ஐயா, இது பழுப்பாச்சே. கண்ணு தெரியலையா?"

"அழுதுட்டிருந்தாரு," என்றாள் மகள். "கண்ணு மங்கிப்போச்சு."

காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நர்ஸ் உச்சுக் கொட்டினாள். பச்சைச் சால்வையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"நல்லாப் பொய் சொல்றே," என்றார் அப்பா.

"அச்சகத்துப் பாஷைன்னு சொன்னது யாரு?"

அவர் முக்காலியில் திரும்ப உட்கார்ந்தார். மகள் தரையில் உட்கார்ந்து அலமாரியில் சாய்ந்துகொண்டாள்.

"வேலைல சேர்ந்து ரெண்டாவது மாசம்," என்றார் அப்பா. "ஒரு மரம் போட்டேன். நல்ல மரம். இலையெல்லாம் பழுப்பு, அடிமரம் பச்சை. எனக்கு எப்படித் தெரியும்? மேசைமேல வெச்சுட்டுச் சாப்பிடப் போயிட்டேன். வந்து தொட்டா மரம் ஈரமா இருக்கு."

"ஈரமா?"

"யாரோ மேல தீட்டியிருந்தாங்க. முதலாளி பாத்துட்டு நல்லா இருக்குன்னாரு. மறுநாள் என் பென்சில்லயெல்லாம் வெட்டு. பக்கத்துல ஒரு சீட்டு, எதுக்கு எத்தனைன்னு. கையெழுத்து இல்லை."

"அப்புறம் எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"சீட்டுல ஒரு எழுத்தை அடிச்சு, ஓரத்துல குறி போட்டுத் திருத்தியிருந்துது. பிழை திருத்துறவங்கதான் அப்படிச் செய்வாங்க. அங்க மூணு பேரு. ரெண்டு பேரு ஆம்பளைங்க."

மகள் சிரித்தாள்.

"கல்யாணத்துக்கப்புறம் கேட்டேன், ஏன் யார்கிட்டயும் சொல்லலைன்னு. மரம் நல்லா நின்னுது, அதான்னா."

வெளியே மாடிவீட்டு நாய் இரண்டு தடவை குரைத்தது.

"வெளியே தெரிஞ்சா யாரு வேலை கொடுப்பா?" என்றார் அப்பா. "பச்சை தெரியாதவன் படம் போடறான்னு."

"அப்ப அந்த மூணு கட்டம்?"

"மூணும் பச்சை. நீலப்பச்சை, பச்சை, மஞ்சப்பச்சை. உங்கம்மா சரியாப் பாத்து அங்க வந்து நிறுத்திட்டா."

"நாளைக்குக் காலைல வான்னு சொன்னீங்களே. எப்படிப் போடறதா இருந்தீங்க?"

"தெரியல," என்றார் அப்பா. "அதான் பென்சில் சீவினேன்."

வண்டி சொன்ன நேரத்துக்கு வந்தது. பச்சைச் சால்வை அம்மாவுக்கு நன்றாக இருந்தது. அச்சகத்திலிருந்து எட்டுப் பேர் வந்திருந்தார்கள். ஒருவர் அப்பாவின் கையைப் பிடித்து, தன் கல்யாணப் பத்திரிகையில் பெண்ணின் பெயரில் இருந்த பிழையை அம்மா திருத்திய கதையைச் சொன்னார். "இல்லாட்டி நான் வேற யாரையோ கட்டியிருப்பேன் சார்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

நாலரைக்கு வீடு திரும்பினார்கள். நர்ஸ் வாசலில் தன் பையோடு நின்றாள். மகள் அவளைத் தெருமுனைவரை கொண்டுபோய் விட்டுவந்தாள். அப்பா கை கால் கழுவிவிட்டு மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். வட்டத்தை நேராக வைத்திருந்தார். பக்கத்தில் அம்மாவின் தட்டு, பிரஷ், தண்ணீர் டம்ளர். எதிரில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

மகள் உட்கார்ந்தாள்.

"எனக்கு வெள்ளைதான் தெரியும்பா. பதினாறு வெள்ளை தெரியும். பச்சை கலந்ததே இல்லை."

"ம்."

பையிலிருந்து ஒரு சாம்பல் அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இது எதுக்கு?"

"அஞ்சு விநாடி நிறத்தைப் பாக்கணும். அப்புறம் இதைப் பாக்கணும். கண்ணு களைச்சா நிறம் மாறித் தெரியும்."

"எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை," என்றார் அப்பா.

அவள் தட்டில் நீலத்தை எடுத்து மஞ்சளைச் சேர்த்தாள். இன்னும் கொஞ்சம். அட்டையைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். துண்டுக் காகிதத்தில் ஒரு தீற்றல் இழுத்து, வட்டத்தில் அம்மாவின் நீலத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அப்பா கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தார்.

"வெளுப்பு."

"சரியாத்தானே இருக்கு?"

"நிறம் உன் பாடு. படி என் பாடு. நீலத்துல இருந்து ஒரே தாவாத் தாவுது. படியா இறங்கி வரணும். இன்னும் கொஞ்சம் கருக்கணும்."

ஒரு சொட்டு நீலம் விட்டாள். மறுபடியும் தீற்றினாள். பக்கத்தில் வைத்தாள்.

"இப்ப?"

"இப்பச் சரி."

அவளும் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. அவர் சொல்வதற்கு முன் அவளுக்குத் தெரியவில்லை.

"அம்மாகிட்டயும் இப்படித்தான் சொல்வீங்களா?"

"சொல்வேன். சண்டைக்கு வருவா. எனக்குத் தெரியாதா வெளுப்பும் கருப்பும்னு கத்துவா. அப்புறம் நான் அந்தப் பக்கம் திரும்பினப்ப ஒரு சொட்டு விடுவா."

மகள் பிரஷை அவரிடம் நீட்டினாள். "நீங்களே தீட்டுங்க. என் கை கோட்டைத் தாண்டிடும்."

அப்பா வாங்கினார். பிரஷின் நுனியைத் தட்டின் விளிம்பில் ஒற்றினார். கட்டத்தின் மூலையில் வைத்து, கோட்டை ஒட்டி, ஒரே இழுப்பில் கொண்டுபோனார். ஈரம் கோட்டைத் தொட்டு நின்றது. தாண்டவில்லை.

"அடுத்தது?" என்றார்.

"ரெண்டு."

இரண்டாவதற்கு வெகு நேரம் ஆயிற்று. மகள் எட்டுத் தடவை கலந்தாள். அது சால்வையின் பச்சை இல்லை. சால்வையின் பச்சையாக இருக்க வேண்டியதும் இல்லை. அப்பா இரண்டு தடவை கருப்பு என்றார், ஒரு தடவை வெளுப்பு என்றார், ஒரு தடவை, "உங்கம்மா இந்நேரம் காப்பி போட்டிருப்பா," என்றார். மகள் எழுந்து காப்பி போட்டு வந்தாள். குடித்துவிட்டுத் தொடர்ந்தார்கள். மூன்றாவது கட்டம் முடிந்தபோது ஜன்னலில் வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. விளக்குப் போட வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் எட்டு மணிக்கு அச்சகக்காரர் வந்தார். பக்கத்தைக் கையில் எடுத்து, தூரமாகப் பிடித்து, கிட்டக் கொண்டுவந்து பார்த்தார்.

"ஒரே கை சார். எது புதுசுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது."

மகளால் சொல்ல முடிந்தது. புதிய மூன்றில் முதல் கட்டத்தில் மஞ்சள் ஒரு சொட்டு கூடுதல். அவள் சொல்லவில்லை.

அப்பா இழுப்பறையைத் திறந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார்.

"அட்டைக்கு உள்பக்கத்துல இதைச் சேர்க்கணும் தம்பி."

அச்சகக்காரர் வாசித்தார். இரண்டு வரி. முதல் வரியில் 'கோடு' என்று எழுதி அப்பாவின் பெயர். இரண்டாவது வரியில் அம்மாவின் பெயர்.

"படங்கள்னு உங்க பேரு மட்டும்தானே சார் போடுவோம். இத்தனை வருஷமா அப்படித்தான்."

"இத்தனை வருஷமாத் தப்பு."

"அவங்க கூட உக்காந்து உதவி செஞ்சது தெரியும். இருந்தாலும் தனியா..."

"உதவி நான் செஞ்சது," என்றார் அப்பா. "நிறம் அவளுது. போடு."

அச்சகக்காரர் மகளைப் பார்த்தார். மகள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் சீட்டை மறுபடியும் பார்த்தார்.

"போடறேன் சார்." கொஞ்சம் தயங்கினார். "ஆனா 'நிரம்'னு இருக்கு. சின்ன ர."

அப்பா சீட்டை வாங்கிப் பார்த்தார். "பெரிய ற-வா?"

"பெரிய ற."

"அவ இருந்தா விட்டிருக்க மாட்டா."

மகள் துணியை வைத்துவிட்டு ஒரு பென்சிலை எடுத்தாள். ஐந்து வெட்டு இருந்தது. எழுத்தை அடித்தாள். ஓரத்தில் குறி போட்டு, சரியான எழுத்தை எழுதினாள். அம்மா செய்வதைப் பார்த்ததுதான். அச்சகக்காரர் சீட்டை ஏழு பக்கங்களோடு உறைக்குள் வைத்து, உறையை மார்போடு பிடித்துக்கொண்டு போனார்.

மகள் சின்ன அறைக்குப் போய் அந்தச் சட்டையை எடுத்துவந்தாள். குண்டூசிகளைப் பிடுங்கிக் கிண்ணத்தில் போட்டாள்.

"இதை ஏன் போடவே இல்லை?"

"உள்ள தையல் இல்லை," என்றார் அப்பா. "உங்கம்மாவுக்கு அப்ப ஊசில நூல் கோக்க வரலை. நீலம்னுதான் நெனச்சேன். ஆனா நிச்சயமில்லை. அவளைக் கேட்டா, போட்டுக்கங்க நல்லாத்தான் இருக்குன்னா. சொல்றப்ப ஒரு மாதிரி சிரிச்சா. அதான் சந்தேகம்."

"ஊதாப்பா."

"ஊதாவா?"

"ம்."

"எனக்கு ஊதாவா வாங்கினே?"

"நல்லா இருக்கும்னு தோணுச்சு."

அப்பா சட்டையை வாங்கிக் கை நீளத்தில் பிடித்துப் பார்த்தார். அவருக்கு என்ன தெரிந்ததோ. "இத்தனை வருஷத்துல உங்கம்மா என்னை ஊதா பக்கமே விட்டதில்லை," என்றார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று மகளுக்குத் தெரியச் சற்று நேரம் ஆயிற்று.

"ஊதாவுக்கு எத்தனை?"

யோசித்தார். "ஏழு."

அவர் தட்டையும் பிரஷ்களையும் எடுத்துக்கொண்டு கழுவப் போனார். மகள் ஜன்னலருகே உட்கார்ந்து அம்மாவின் தையல் டப்பாவைத் திறந்தாள். கைக்கு வந்த நூலை எடுத்தாள். எந்த நிறமாக இருந்தாலும் ஒன்றுதான். கோத்து, முடிச்சுப் போட்டு, காலரின் உள்பக்கத்தில் குத்தி இழுத்தாள். ஒன்று. உள்ளே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. இரண்டு.

"அவசரமில்லை பாப்பா," என்றார் அப்பா அங்கிருந்து.

கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். தட்டுப்பட்டது. மூன்று.